மொட்டை மாடிக்குக் கைப்பிடிச்சுவர், துப்பாக்கிக்குப் பூட்டு

எல்லாருக்கும் வணக்கம். சங்கத் தலைவர் ஐயா அவர்களே, செயலாளர் அம்மா அவர்களே, பொங்கல் விழா அலுப்பு தீர்றதுக்குள்ள இந்தக் கூட்டத்துக்கும் ஹால் பிடிச்சுக் குடுத்த பொருளாளர் தம்பி, தமிழ்ப்பள்ளி முதல்வர் அம்மா, முன் வரிசையில உக்காந்திருக்கிற நம்ம டவுன்ஷிப் கவுன்சில் உறுப்பினர் (நான் பேசுறது அவருக்கு ஒரு வார்த்தை புரியாது, ஆனாலும் மனுஷன் சிரிச்ச முகமா இருக்கார், அதுக்கே ஒரு கைதட்டல் குடுங்க), உள்ள பஜ்ஜி போட்டுட்டு இருக்கிற அக்காமார்களே, அண்ணன்மார்களே... யார் பேரையாவது விட்டிருந்தா கோவிச்சுக்காதீங்க, டைம் கம்மி.

மூணு விஷயம் பேசலாம்னு வந்திருக்கேன். துப்பாக்கி வன்முறையைத் தடுக்க இந்த அமெரிக்காவுல யூதப் பசங்க என்ன செஞ்சாங்க, சட்டம் எங்க நிக்குது, நம்ம பசங்க இதுல எறங்கலாமா. இதுக்கு நடுவுல என் பழைய பழமொழியும் வரும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். எந்த மேடை ஏறினாலும் இதையே சொல்றீங்கன்னு வீட்டுல கிண்டல் பண்றாங்க, என்ன செய்யறது, இந்த நாட்டுக்கு இது அப்படிப் பொருந்துது. ஒவ்வொரு துப்பாக்கிச் சூட்டுக்கு அப்புறமும் கொடியை அரைக்கம்பத்துல இறக்குறாங்க, மெழுகுவத்தி ஏத்துறாங்க, உங்களுக்காகப் பிரார்த்திக்கிறோம்னு அரசியல்வாதிங்க அறிக்கை விடுறாங்க, அப்புறம் அடுத்த ஊர்ல நடக்குற வரைக்கும் அவனவன் வேலையைப் பாக்குறான்.

2018 பிப்ரவரி 14, ஃபுளோரிடா பார்க்லேண்ட், மார்ஜரி ஸ்டோன்மன் டக்ளஸ் ஹைஸ்கூல். 17 பேர் போயிட்டாங்க, அதுல 14 பேர் படிக்கிற புள்ளைங்க. சுட்டவனுக்கு 19 வயசு, சட்டப்படி வாங்கின ஏஆர்-15 ரகத் துப்பாக்கி, ராணுவ பாணி ரைஃபிள். பீர் வாங்க 21 ஆகணும், அந்த ரைஃபிள் வாங்க 18 போதும்னு இருந்த காலம். இறந்தவங்கள்ல பல பேர் யூதக் குடும்பத்துக்காரங்க. ஸ்காட் பைகல்னு ஜியாகிரஃபி வாத்தியார், பசங்களை கிளாஸுக்குள்ள இழுத்து விட்டுட்டு கதவுகிட்ட நின்னவர் அங்கயே சுடப்பட்டு இறந்தார். ஜெய்மி குட்டன்பர்க்னு 14 வயசுப் பொண்ணு, டான்ஸ் ஆடுற புள்ள. அவ அப்பா ஃப்ரெட் அதுக்கு முன்னாடி அரசியல் பக்கமே வராதவர், இன்னிக்கு அவரைப் பாத்தா செனட்டருங்க நெளியறாங்க.

பசங்க அழுதுட்டு உக்காந்திருக்கல. கேமரன் காஸ்கின்னு ஒரு யூதப் பையன் வீட்டு ஹால்ல கூடிப் பேசினதுதான் 'மார்ச் ஃபார் அவர் லைவ்ஸ்'ங்கிற மாணவர் இயக்கம் ஆச்சு. பஸ் பிடிச்சு மாநிலத் தலைநகருக்கே போய் எம்.எல்.ஏக்களை மடக்கினாங்க. மார்ச் 9-ஆம் தேதி, மூணே வாரம் சொச்சத்துல, ரிபப்ளிகன் கவர்னர் கையால சட்டம். துப்பாக்கி வாங்குற வயசு 21 ஆச்சு, வாங்கினதும் கையில தராம காத்திருக்க வைக்கிற விதி வந்துச்சு, ஆபத்தானவன்னு கோர்ட் சொன்னா துப்பாக்கியைப் பிடுங்கலாம்னு ஆச்சு. துப்பாக்கிக்காரங்க கோட்டை ஃபுளோரிடா, அங்கயே இது.

இப்ப ஒரு கதை சொல்றேன், கொஞ்சம் நீளம். வர்ஜீனியா அலெக்ஸாண்ட்ரியாவுல நயோமி வாட்லர்னு ஒரு பொண்ணு, வயசு 11. எத்தியோப்பியாவுல பிறந்தவ, யூத வீட்டுல வளர்றவ, கறுப்பினப் பொண்ணு. பார்க்லேண்ட் நடந்து சரியா ஒரு மாசத்துல, மார்ச் 14, நாடு முழுக்க பசங்க கிளாஸை விட்டு வெளிய வந்து 17 நிமிஷம் நின்னாங்க, இறந்த ஒவ்வொருத்தருக்கும் ஒரு நிமிஷம். இவ படிச்சது எலிமெண்டரி ஸ்கூல், ஹைஸ்கூல் அண்ணனுங்க அக்காங்க செய்யற வேலை உங்களுக்கு எதுக்கும்பாங்கல்ல? இவளும் இவ ஃப்ரெண்டும் கூடப் படிக்கிறவங்களைச் சேத்துக்கிட்டு வெளிய வந்தாங்க, ஆனா நின்னது 18 நிமிஷம். எதுக்கு அந்த ஒரு நிமிஷம்? அலபாமாவுல அதே மார்ச் மாசம் கோர்ட்லின் ஆரிங்டன்னு ஒரு கறுப்பினப் பொண்ணு ஸ்கூலுக்குள்ளயே சுடப்பட்டு இறந்தா, டிவிக்காரன் எவனும் பெருசா கண்டுக்கல, அந்தப் புள்ளைக்காக. யோசிச்சுப் பாருங்க, நாடே ஒரு கணக்குல நிக்கும்போது, அந்தக் கணக்குல ஒண்ணு குறையுதுன்னு 11 வயசுக்குத் தெரிஞ்சிருக்கு. பத்து நாள் கழிச்சு பார்க்லேண்ட் பசங்களோட வாஷிங்டன் பேரணி, லட்சக்கணக்குல கூட்டம், பெரிய பெரிய ஆளுங்க பேசுற மேடை, அதுல இவ ஏறினா. முதல் பக்கத்துல வராத பொண்ணுங்களுக்காக நான் வந்திருக்கேன்னு சொன்னா. இது யாரோ பெரியவங்க எழுதிக் குடுத்ததுன்னு பேசுறாங்க, அது பொய்னு சொன்னா. எங்களுக்கு ஓட்டு வர இன்னும் ஏழே வருஷம்தான் இருக்குன்னு போட்டா பாருங்க ஒரு போடு! (கைதட்டல்)

அந்தப் பேரணி நடந்தது சனிக்கிழமை, யூதங்களோட ஓய்வு நாள். ஆசாரமான வீட்டுல அன்னிக்கு வண்டி ஏற மாட்டாங்க. ஆனா உயிரைக் காப்பாத்துறதுன்னு வந்துட்டா ஓய்வு நாள் விதியும் விலகி நிக்கணும்ங்கிறது அவங்க சாஸ்திரம். பிரார்த்தனையை முடிச்சுட்டுக் கூட்டமா நடந்து போனாங்க. 1965-ல அலபாமா செல்மாவுல, கறுப்பினத்தவங்க ஓட்டுரிமைக்காக மார்ட்டின் லூதர் கிங்கோட நடந்த ரபி (யூத மதகுரு) ஹெஷல், என் கால்கள் பிரார்த்தனை பண்ற மாதிரி இருந்துச்சுன்னு சொன்னாரே, அந்த வழிதான்.

இது திடீர்னு வந்த வீரமும் இல்ல, பழக்கம். ரிஃபார்ம் யூதங்கன்னு ஒரு சீர்திருத்தப் பிரிவு, அவங்களுக்கு வாஷிங்டன்ல ஒரு மையம் இருக்கு, அவங்க லட்டாக்கென்னு ஒரு பயிற்சி நடத்துறாங்க. ஹைஸ்கூல் பசங்களை வார இறுதியில கூட்டிட்டுப் போய்ப் பாடம் எடுத்து, பேச்சு எழுத வச்சு, திங்கக்கிழமை எம்.பி ஆபீஸுக்கே அனுப்பிடுறாங்க. நம்ம புள்ளைங்க ஸ்பெல்லிங் பீ போட்டி ஜெயிக்குது, சந்தோஷம், ஆனா நம்ம தொகுதி எம்.பி பேரு என்னன்னு கேட்டுப் பாருங்க.

அதே 2018 அக்டோபர் 27, பிட்ஸ்பர்க் ட்ரீ ஆஃப் லைஃப் யூத ஜெப ஆலயம், சுடப்பட்டு இறந்தது 11 பேர். 2022 ஜூலை 4, சிகாகோ பக்கம் ஹைலண்ட் பார்க், யூதங்க நிறைய இருக்கிற ஊர், சுதந்திர தின ஊர்வலத்துல 7 பேர். கண் கெட்ட பிறகு, கண் கெட்ட பிறகு... எத்தனை வாட்டி சொல்ல.

சட்டம் பத்தி விரிவா சொல்லணும், துப்பாக்கி வச்சுக்கிற உரிமையைச் சொல்ற அரசியல் சட்ட ரெண்டாம் திருத்தம், அது தனி மனுஷனுக்கும் உண்டுன்னு சுப்ரீம் கோர்ட் சொன்ன 2008 ஹெல்லர் தீர்ப்பு எல்லாம் இருக்கு, தலைவர் ஐயா வாட்சைப் பாக்குறார், இன்னொரு நாள் வச்சுக்கலாம். நான் வந்த காரியத்துக்கு வர்றேன்.

யூதங்க வேதத்துல, நம்ம பைபிள்ல உபாகமம் 22-ஆம் அதிகாரம், ஒரு வசனம் இருக்கு. புது வீடு கட்டினா மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டு, யாராவது விழுந்தா அந்த இரத்தப்பழி உன் வீட்டு மேல வரும்னு. துப்பாக்கி பத்தி ரபிங்க பேசும்போது இதை எடுக்கிறாங்க. விழுந்தவன் மேல தப்பா இல்லையாங்கிற கேள்வியே அங்க இல்ல பாருங்க, சுவர் எங்கன்னு வீட்டுக்காரனைத்தான் கேக்குது.

இப்ப நம்ம வீட்டுக்கு வாங்க. தங்கம் இருக்கும்னு நம்ம ஆளுங்க வீடா பாத்துத் திருடுறாங்கன்னு பயந்து நம்மள்லயே சில பேர் துப்பாக்கி வாங்கியிருக்காங்க. வாங்காதீங்கன்னு இந்த மேடையில நான் சொல்லல. எங்க வச்சிருக்கீங்க? துணி அலமாரி மேல் தட்டுலயா? கட்டில் பக்கத்து டிராயர்லயா? 2021-ல இந்த நாட்டுல துப்பாக்கியால போன உயிர் 48,000-க்கு மேல, அதுல பாதிக்கு மேல தற்கொலை. மார்க் குறைஞ்சு ராத்திரி மூணு மணிக்கு முழிச்சிட்டு இருக்கிற 16 வயசுப் பையனுக்கு அந்த டிராயர் எங்க இருக்குன்னு தெரியும், நமக்குத்தான் அவன் முழிச்சிருக்கிறது தெரியாது. ஸ்கூல்ல சுடுற பசங்களுக்கும் துப்பாக்கி பெரும்பாலும் சொந்த வீட்டுல இல்ல சொந்தக்காரங்க வீட்டுலதான் கிடைக்குது. 2021-ல மிச்சிகன் ஆக்ஸ்ஃபோர்ட் ஸ்கூல்ல நாலு பேரைச் சுட்டுக் கொன்னவனுக்கு வயசு 15. 2024-ல அவன் அப்பா அம்மா ரெண்டு பேரையும் கோர்ட் ஜெயிலுக்கு அனுப்பிடுச்சு. சாவியோட பூட்டுங்க, தோட்டா இல்லாம வைங்க, தோட்டாவைத் தனியா இன்னொரு இடத்துல பூட்டுங்க, குழந்தை டாக்டருங்க சொல்றதும் இதேதான்.

அப்புறம் ஒரு கேள்வி கேக்கப் பழகுங்க. புள்ளையை ஃப்ரெண்டு வீட்டுல ராத்தங்க, ஸ்லீப்ஓவருக்கு விடும்போது நட்ஸ் அலர்ஜி சொல்றோம், வீட்டுல நாய் இருக்கான்னு கேக்குறோம், கூடவே துப்பாக்கி இருக்கா, பூட்டி வச்சிருக்கீங்களான்னும் கேளுங்க. கூச்சமாத்தான் இருக்கும், அமெரிக்கக்காரங்க தப்பா நினைப்பாங்களோன்னு தோணும். எனக்குத் தெரிஞ்சு கேட்டவங்க யாரையும் யாரும் வெளிய அனுப்பல.

மூணாவது விஷயம், நம்ம பசங்க. அதுக்குப் பேச்சே வேண்டாம், காபி மேசை மேல ஒரு நோட்டு வச்சிருக்கேன், தமிழ்ப்பள்ளியில எட்டாம் வகுப்புக்கு மேல படிக்கிறவங்க பேர் எழுதுங்க, கவுன்சில் உறுப்பினர் ஆபீஸுக்கு ஒரு நாள் கூட்டிட்டுப் போறேன், அவர் சம்மதிச்சுட்டார், இப்பக்கூடத் தலையாட்டுறார் பாருங்க. பக்கத்துலயே துப்பாக்கிப் பூட்டு ஒரு பெட்டியில இருக்கு, காசு வேண்டாம், யாருக்குன்னு யாரும் கேக்க மாட்டோம், எடுத்துக்கோங்க. அடுத்து பரதநாட்டியம், புள்ளைங்க சலங்கை கட்டிட்டு வெயிட் பண்ணுதுங்க, மைக்கைக் குடுத்துடறேன்.