கேட்டு வாசித்த கைகள்

நடுவர் அவர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம். கிதார்க் கலைஞருக்குப் பெருமை சேர்ப்பது முன்னோர் பாணியைப் பின்பற்றுவதா, புதுப்பாதை போடுவதா என்பது கேள்வி. பின்பற்றுவதே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், பழைய வாசிப்பை அச்சு அசலாக வாசிப்பவரை 'ஜெராக்ஸ் மிஷின்' என்றார். கைதட்டலும் வாங்கினார். அப்படிப்பட்ட ஒரு ஜெராக்ஸ் மிஷினின் கதையைக் கேளுங்கள்.

அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் நகரம். வெஸ் மாண்ட்கோமரி என்ற இளைஞருக்கு இருபது வயது இருக்கும். சார்லி கிறிஸ்டியனின் இசைத்தட்டு ஒன்றைக் கேட்கிறார், ஆடிப்போகிறார். 1939இல் பென்னி குட்மன் என்பவரின் ஜாஸ் குழுவில் சேர்ந்து எலெக்ட்ரிக் கிதாரை ஊரறியச் செய்தவர் கிறிஸ்டியன். 1942இல், 25 வயதிலேயே காலமாகிவிட்டார். வெஸ்ஸுக்கு நொட்டேஷன், அதாவது எழுதிய ஸ்வரக்குறிப்பு, படிக்கத் தெரியாது. இசைத்தட்டுதான் வாத்தியார். காதால் கேட்டுக் கேட்டு, ஒவ்வொரு சங்கதியையும் விரலுக்குக் கொண்டுவந்தார். ஒரு கிளப்பில் வேலையும் கிடைத்தது. என்ன வேலை தெரியுமா? கிறிஸ்டியனின் தனி வாசிப்புகளை அப்படியே வாசிப்பது! அவ்வளவுதான். முடிந்ததும் மேடையை விட்டு இறங்கிவிடுவார். வேறெதுவும் அவருக்கு வாசிக்கத் தெரியாது.

வேலை முடிந்து வந்து இரவில் சாதகம் செய்தால் அக்கம்பக்கத்தில் முணுமுணுப்பு. கம்பியை மீட்டும் சிறு வில்லையான பிக்கைக் கீழே வைத்துவிட்டுக் கட்டைவிரலால் மீட்டினார். அந்த விரலிலிருந்து பிறந்த மெத்தென்ற நாதமும், ஒரே ஸ்வரத்தை இரண்டு ஸ்தாயிகளில் சேர்த்து அவர் வாசித்த அழகும் ஜாஸ் கிதாரையே மாற்றின. "கட்டைவிரல் புதுமைதானே?" என்று எதிரணி கேட்கும். ஐயா, அந்தக் கட்டைவிரல் இரவெல்லாம் யாருடைய சங்கதிகளைப் பழகிக்கொண்டிருந்தது?

அடுத்து ப்ளூஸ் கிதார்க் கலைஞர் பி.பி. கிங். அவருடைய தாய்வழி உறவினர் புக்கா வைட், கம்பியின் மேல் உலோகத்தை வழுக்கி வாசிக்கும் ஸ்லைடு வித்தைக்காரர். அந்த அழுகுரல் ஓசை தனக்கும் வரவேண்டும் என்று கிங் எவ்வளவோ முயன்றார். வரவில்லை. வெறும் இடதுகை விரலைக் கம்பியில் வைத்து நடுங்கவிட்டு அந்த ஓசைக்கு அருகில் போகப் பார்த்தார். இன்று உலகம் முழுக்க ப்ளூஸ் வாசிப்பவர்கள் பழகும் நடுக்கம் அது. இன்னொருவரைப் போல வாசிக்கவேண்டும் என்ற தீராத ஆசைதானே அதைப் பெற்றெடுத்தது?

நம் வீணைக்கும் இதில் பங்கு உண்டு. ஆங்கிலேய கிதார்க் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார். வீணையில் மெட்டு, அதாவது தந்திக்கு அடியில் குறுக்காக இருக்கும் கட்டை, உயரமாக நிற்கும். தந்தியை இழுத்தால் கமகம் குழைந்து வரும். கிதாரில் விரல் மரத்தில் இடிக்கும். அதனால் மெட்டுகளுக்கு இடையிலிருந்த மரத்தைக் குடைந்தெடுத்த கிதார் ஒன்று அவருக்காகச் செய்யப்பட்டது. மெக்லாஃப்லின் இந்தியக் கலைஞர்களோடு வாசித்த சக்தி குழுவில் விக்கு விநாயகராமின் கடத்தோடு சேர்ந்து ஒலித்தது அந்தக் கிதார்தான். பழைய வீணை போலப் பேசவேண்டும் என்று ஏங்கியதால் புது உருவம் எடுத்த வாத்தியம் அது!

ராக் கிதார்க் கலைஞர் எடி வான் ஹேலனை எதிரணி தூக்கிப் பிடித்தது. 1978இல் இரண்டு கைவிரல்களாலும் கம்பியைத் தட்டி வாசித்து உலகைத் திகைக்க வைத்தவர், உண்மைதான். தனக்கு முந்திய ராக் கிதார்க் கலைஞர் எரிக் கிளாப்டனின் தனி வாசிப்புகளை ஸ்வரம் பிசகாமல் கற்றுக்கொண்டதாக அவரே பலமுறை சொல்லியிருக்கிறாரே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

பின்பற்றியதோடு நின்றுவிட்டவர்களையும் நான் குறைசொல்ல மாட்டேன். அப்படிப் பலர் பின்பற்றும் ப்ளூஸ் கலைஞர் ராபர்ட் ஜான்சன் 1936இலும் 1937இலும் டெக்சாஸில் பதிவு செய்தவை வெறும் 29 பாடல்கள். மறு ஆண்டே இறந்துவிட்டார். அவர் கட்டைவிரல் கீழ்ஸ்தாயிக் கம்பிகளில் தாளம் நடத்த, மற்ற விரல்கள் மேல்ஸ்தாயியில் பாட்டுக்குப் பதில் சொல்லும். அதை இன்றும் உட்கார்ந்து கற்று வாசிப்பவர்கள் இருப்பதால்தான் அந்த வாசிப்பு இசைத்தட்டோடு அடங்கிவிடாமல் கைக்குக் கை வந்துகொண்டிருக்கிறது. அதற்காக ஒருவர் தன் வாழ்நாளையே கொடுத்தால், அவரை மிஷின் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

நடுவர் அவர்களே, அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். முன்னோர் ஒருவரையும் கேட்காமல், ஒருவரைப் போலவும் வாசித்துப் பார்க்காமல் கிதாருக்குப் புதுப்பாதை போட்ட ஒரே ஒரு கலைஞரின் பெயரை இந்த மேடையில் சொல்லட்டும். சொல்லிவிட்டால், என் வாதத்தை இங்கேயே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.