விடுபட்டுப்போன ஒரு வாசகம்

(ஹட்டனில் ஒரு ஞாயிறு மாலை வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். இந்த மழையிலும் தோட்டங்களிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறீர்கள். மனமார்ந்த நன்றி.

போன கூட்டம் முடிந்து படி இறங்கும்போது, உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளை என்னை நிறுத்திக் கேட்டது. "சேர், சர்வதேச சட்டம்கிறது பெரிய நாடுங்களோட விஷயம்தானே? தோட்டத்து லயத்து வீட்டுல இருக்கிற நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" அன்றைக்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இன்றைய பேச்சு அந்தப் பிள்ளைக்குத்தான்.

1603ஆம் ஆண்டு சிங்கப்பூருக்குப் பக்கத்துக் கடலில் சாந்தா கதரீனா என்ற போர்த்துக்கேயக் கப்பலை ஒல்லாந்தர் பிடித்தார்கள். பட்டும் சீனப் பீங்கானும் நிறைந்த கப்பல். அது கொள்ளையா, நியாயமான போரில் கிடைத்த பொருளா என்று கேள்வி எழுந்தது. தன் பக்கத்து நியாயத்தை எழுதித்தர ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி ஓர் இளம் வழக்கறிஞரைப் பிடித்தது. வயது இருபதைக் கொஞ்சம் தாண்டியவர். பெயர் ஹியூகோ குரோஷியஸ். பின்னாளில் போரின் சட்டத்தையும் சமாதானத்தின் சட்டத்தையும் பற்றி 1625இல் பெரிய நூல் எழுதி, சர்வதேச சட்டத்தின் தந்தை என்று பெயர் வாங்கியவர் இவர்தான். ஒரு கம்பனியின் வழக்குக் கட்டோடு தொடங்கிய கதை இது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வழக்குக்காக எழுதியதில் ஒரு பகுதி 1609இல் 'சுதந்திரக் கடல்' என்ற சிறு நூலாக வெளிவந்தது. கடல் யாருக்கும் சொந்தமில்லை, போர்த்துக்கேயர் எங்களை மறிக்க முடியாது என்பது வாதம். அதில் நம் ஊரும் வருகிறது. ஜாவா, இலங்கை, மொலுக்காத் தீவுகள் எல்லாம் போர்த்துக்கேயரின் சொத்தல்ல; அவற்றுக்குச் சொந்த அரசர்கள் உண்டு, சொந்த ஆட்சி உண்டு, சொந்தச் சட்டங்கள் உண்டு என்று குரோஷியஸ் எழுதுகிறார். நான் முதன்முதலில் இதை வாசித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். நவீன சர்வதேச சட்டத்தின் தொடக்கப் பக்கங்களிலேயே இலங்கையின் பெயர் இருக்கிறது!

இனி 29 வருஷம் தாண்டி வாருங்கள். 1638 மார்ச் மாதம், இன்றைய பேராதனைப் பூங்காவுக்கு எதிரே மகாவலியின் அக்கரையில் உள்ள கன்னொருவையில், கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கன் போர்த்துக்கேயப் படையை அழித்தான். ஆனால் கரையோரக் கோட்டைகளை வீழ்த்த அவனுக்குக் கப்பல்கள் தேவை. ஒல்லாந்தரைக் கூட்டுச் சேர்த்தான். மே மாதம் மட்டக்களப்புக் கோட்டை விழுந்தது. 23ஆம் திகதி ஒப்பந்தம் கைச்சாத்தானது. பிடிக்கும் கோட்டைகளில் ஒல்லாந்தர் காவற்படை வைக்கலாம் என்று அதில் ஓர் உறுப்புரை. மன்னனிடமிருந்த போர்த்துக்கேய மொழிப் பிரதியில் அதோடு இன்னொரு வாசகமும் இருந்தது: "மன்னர் விரும்பினால்." ஒல்லாந்தரின் பிரதியில் அந்த வாசகம் இல்லை.

1656இல் கொழும்பு விழுந்தபோது போர்த்துக்கேயர் ஒல்லாந்தரிடம் சரணடைந்தார்கள். கோட்டைக் கதவு மன்னனுக்குத் திறக்கவில்லை. சொந்த அரசர், சொந்த ஆட்சி என்று கம்பனிக்காக எழுதப்பட்டதை, அதே கம்பனி ஒரு வாசகத்தை விட்டுவிட்டுத் தாண்டிப் போய்விட்டது. பிறகு இன்னொரு யுத்தம், 1766இல் இன்னொரு ஒப்பந்தம். கண்டிக்குக் கடற்கரையே இல்லாமல் போனது. 1802இல் பிரான்ஸின் அமியேன் நகரில் இலங்கைக் கரையோரம் ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியருக்குக் கைமாறியது. அந்த மேசையில் கண்டியின் ஆள் ஒருவரும் இல்லை. 1815 மார்ச் 2ஆம் திகதி மலைநாடும் ஓர் உடன்படிக்கையில் பிரித்தானியரிடம் போனது. அதன்பின் கோப்பி வந்தது, கோப்பிக்காக மன்னார்க் காட்டுவழி நம் ஆட்கள் நடந்து வந்தார்கள். தோட்டத் துரை எழுதிய கடன் துண்டை இடுப்பில் முடிந்துகொண்டு தோட்டம் மாறிய பரம்பரை நாம். ஒரு காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது, அதை எழுதியது யார் என்பது நமக்குச் சின்ன விஷயமா?

போர் நடக்கும்போது என்ன செய்யக்கூடாது என்பது இன்னொரு கதை. நமக்கு இது புதிதல்ல. பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதி அம்பு விடுமுன் பசுக்களும் பார்ப்பனரும் பெண்களும் நோயாளிகளும் பிள்ளைப்பேறு இல்லாதவர்களும் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள் என்று அறிவித்ததாக நெட்டிமையார் புறநானூற்றில் பாடினார். நாம் பெருமையாகச் சொல்கிற பாட்டு. எனக்கு அதில் ஒரு கேள்வி உண்டு. போக முடியாதவர் என்ன ஆவார்? எச்சரித்த பிறகும் அங்கேயே இருக்கும் ஆயுதம் ஏந்தாத குடிமகன் குடிமகன்தான், அவரைக் குறிவைக்க முடியாது என்பது இன்றைய சட்டம். பாட்டைவிட ஓர் அடி முன்னே வந்திருக்கிறோம்.

அந்த ஓர் அடிக்கு எவ்வளவு காலம் எடுத்தது! 1859இல் இத்தாலியின் சொல்ஃபெரினோ போர்க்களத்தில் காயம்பட்டுக் கிடந்தவர்களைப் பார்த்துக் கலங்கிய ஹென்றி டியூனான் என்ற வணிகரின் முயற்சியால் 1864இல் முதல் ஜெனீவா உடன்படிக்கை வந்தது. 1899இல் ஹேக் மாநாட்டில், உடம்புக்குள் போய் விரிந்து சிதைக்கும் தம்தம் குண்டுக்குத் தடை பேசினார்கள். கல்கத்தாவுக்குப் பக்கத்து ஊரான தம்தமில் செய்த குண்டு அது. பிரித்தானியப் பிரதிநிதி ஆர்டா எழுந்து, நாகரிகச் சிப்பாய் அடிபட்டால் நின்றுவிடுவான், காட்டுமிராண்டி நிற்கமாட்டான் என்று வாதாடினார். தடை நிறைவேறியது. ஆனால் கைச்சாத்திட்ட நாடுகள் தங்களுக்குள் சண்டை பிடித்தால்தான் செல்லும். யாருடைய உடம்பு அந்தத் தடைக்கு வெளியே நின்றது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

1928இல் போரையே கைவிடுகிறோம் என்று பாரிஸில் கையெழுத்திட்டார்கள். 11 வருஷத்தில் உலகப் போர். வெறும் காகிதம் என்று சிரிப்பவர்கள் உண்டு. ஆனால் நாசித் தலைவர்களை விசாரித்த நூரெம்பர்க் நீதிமன்றம் ஆக்கிரமிப்புப் போரைக் குற்றம் என்று தீர்த்தபோது கையில் எடுத்தது அந்தக் காகிதத்தைத்தான். இன்னொரு நாட்டின் மீது பலத்தைப் பிரயோகிக்கக்கூடாது என்று ஐநா சாசனத்தின் இரண்டாம் உறுப்புரையில் இருப்பதற்கும் அதுவே முன்னோடி.

அதுவரை ஒரு நாடு தன் எல்லைக்குள் தன் மக்களோடு நடத்தும் போர் சட்டத்தின் கண்ணில் படவே இல்லை. 1949 ஆகஸ்ட் 12ஆம் திகதி கைச்சாத்தான நான்கு ஜெனீவா உடன்படிக்கைகளிலும் பொதுவாக ஒரு மூன்றாம் உறுப்புரை வைத்தார்கள். நெடிய விவாதத்துக்குப் பிறகுதான் அது தேறியது. உள்நாட்டுப் போரிலும் ஆயுதம் ஏந்தாதவரையும் ஆயுதத்தைக் கீழே வைத்தவரையும் கொல்லக்கூடாது, சித்திரவதை செய்யக்கூடாது, பணயமாகப் பிடிக்கக்கூடாது, காயப்பட்டவரைப் பராமரிக்க வேண்டும். அரசுக்கும் பொருந்தும், எதிர்த்து நிற்கும் தரப்புக்கும் பொருந்தும். இலங்கை 1959இல் இவற்றை ஏற்றது. 1977இலும் 1983இலும் நடந்த இனக்கலவரங்களில் இங்கிருந்து அடிபட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர்கள் நம் சொந்தங்கள். 2009வரை வடக்கில் நடந்த யுத்தத்துக்குள் அகப்பட்டவர்களில் அவர்களும் இருந்தார்கள். தங்கச்சி, லயத்துக்கும் இந்தச் சட்டத்துக்கும் உள்ள சம்பந்தம் அங்கே இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. 1964 அக்டோபர் 30ஆம் திகதி இந்திய, இலங்கை அரசுகள் இரண்டும் கைச்சாத்திட்டு நம் மக்கள் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைக் கூறுபோட்டன: 5 இலட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 இலட்சம் இங்கே, மிச்சம் பிறகு பார்க்கலாம். இதுவும் சர்வதேச ஒப்பந்தம்தான். சிறுவனாக ஹட்டன் ஸ்டேஷனில், இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களை ஏற்றிப்போன ஒப்பாரிக் கோச்சி புறப்படுவதைப் பார்த்திருக்கிறேன். ஜன்னலைப் பிடித்த கைகளை விடுவிக்க முடியாமல் ரயிலோடு ஓடியவர்களை இன்றும் மறக்க முடியவில்லை. அமியேனில் கண்டிக்கு இடமில்லாதது போல அந்த மேசையிலும் நமக்கு இடமில்லை.

ஆனால் இடம் கிடைத்தபோது என்ன நடக்கும் என்பதற்கும் நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. 1996இல் அணுவாயுதம் பற்றிச் சர்வதேச நீதிமன்றம் ஆலோசனைக் கருத்துச் சொன்னபோது, எந்தச் சூழ்நிலையிலும் அது சட்டவிரோதம் என்று மாறுபட்ட கருத்து எழுதியவர்களில் ஒருவர் இலங்கை நீதிபதி கிறிஸ்டோபர் வீரமந்திரி. பேரழிவு ஆயுதத்தை எடுக்க இலக்குவனை இராமன் அனுமதிக்காத இதிகாசச் செய்தியை அவர் அந்தத் தீர்ப்புரையில் எடுத்து வைத்தார். கிறிஸ்தவ ஐரோப்பாவுக்கு மட்டும் சொந்தமாகச் சொல்லப்பட்ட சட்டத்துக்குள் இந்த மண்ணின் கதையையும் கொண்டுபோய் உட்கார வைத்தார்.

அந்த 1949 உடன்படிக்கைகளின் மூலப் பிரதிகள் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் உள்ளன. ஆனால் சமாதான காலத்திலும் யுத்த காலத்திலும் இவற்றைத் தன் மக்களிடம் பரப்ப வேண்டும் என்ற கடமையையும் ஒவ்வோர் அரசும் அதிலேயே ஏற்றிருக்கிறது. மூன்றாம் உறுப்புரை முழுவதையும் தமிழில் அச்சடித்துக் கொண்டுவந்திருக்கிறேன், ஒரு பக்கம்தான். பின்வரிசைவரை கொடுங்கள். தங்கச்சி, நீ எழுந்து நின்று முதல் பந்தியைச் சத்தமாக வாசி. எல்லோரும் அவரவர் பிரதியில் ஒரு சொல்லும் விடுபடாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வாருங்கள்.