எந்தப் பக்கம் வந்தாலும் வாசல்தான்

எல்லாருக்கும் வணக்கம். ஜப்பான் கட்டடக்கலைஞர் கசுயோ செஜிமா பத்திப் பேசச் சொன்னதும் உடனே சரின்னுட்டேன், அவங்க கட்டடங்கள் மேல எனக்கு அவ்ளோ பிரியம். 1956ல ஜப்பான்ல இபராகி பக்கம் பொறந்தவங்க, மகளிர் பல்கலைக்கழகத்துல படிச்சிட்டு டோயோ இட்டோங்கிற கட்டடக்கலைஞர்கிட்ட தொழில் கத்துக்கிட்டு 1987ல சொந்தமா ஆபீஸ் போட்டாங்க. தன்கிட்ட வேலை பார்த்த நிஷிசாவாவையே சேத்துக்கிட்டு 1995ல ஆரம்பிச்சதுதான் சானாங்கிற கட்டடக்கலை நிறுவனம்.

ஜப்பான்ல கனசாவாங்கிற ஊர்ல சானா வடிவமைச்சு 2004ல தொறந்த கலை மியூசியத்தைப் பாருங்க. மியூசியம்னா பெரிய படிக்கட்டு, தூணு, ஏறிப்போகவே ஒரு தயக்கம், இதானே நமக்குத் தெரிஞ்சது? இது வட்டம், 112.5 மீட்டர் விட்டம், சுத்தி முழுக்கக் கண்ணாடி, முன்பக்கம் பின்பக்கம்னே கிடையாது, ஊர்ல எந்தத் தெருவுல இருந்து நடந்து வந்தாலும் அந்தப் பக்கம் ஒரு வாசல் இருக்கும். கலைப்படைப்பு வச்சிருக்கிற கேலரிக்குத்தான் டிக்கெட்டு, சுத்தி இருக்கிற எடம் எல்லாருக்கும் ஃப்ரீ, ராத்திரி பத்து மணி வரைக்கும் தொறந்திருக்கும். கலைப்படைப்பு பாக்க வராதவங்களுக்கும் சேத்து யோசிச்சிருக்காங்க பாருங்க, எனக்கு அதுதான் பெருசு.

டோக்கியோல பிளம் மரங்களுக்கு நடுவுல செஜிமா வடிவமைச்ச ஒரு வீடு, 2003ல முடிஞ்சது, மூணு தலைமுறை சேந்து இருக்கிற சின்ன வீடு. உள்சுவர் எல்லாம் இரும்புத் தகடு, கனம் வெறும் 16 மில்லிமீட்டர், ஒரு விரல் மொத்தம்தான். பெரிய ரூம் நாலுக்குப் பதிலா குட்டிக்குட்டி ரூமா நிறைய, ஒண்ணுல கட்டில் போட்டா அதோட எடம் முடிஞ்சுது. சுவத்துல ஜன்னல் மாதிரி சதுரமா வெட்டி கண்ணாடி போடாம விட்டிருக்காங்க, அடுத்த ரூம் ஒரு ஃப்ரேம் போட்ட படம் மாதிரி தெரியும், ஆள் தெரியும், சத்தமும் கேக்கும். தனிமை போச்சேன்னு சிலர் சொல்லலாம், நான் ஒத்துக்க மாட்டேன், தனியா ஒரு மூலையும் வேணும் வீட்டாளுங்க பக்கத்துல இருக்கிற நெனப்பும் வேணும்ல, ரெண்டையும் அவ்ளோ சின்ன எடத்துல குடுத்திருக்காங்க.

2010ல நிஷிசாவாவோட சேந்து கட்டடக்கலையோட பெரிய விருதான பிரிட்ஸ்கர் வாங்கினாங்க, அதே வருஷம் இத்தாலில நடக்கிற வெனிஸ் பியனாலேங்கிற சர்வதேசக் கட்டடக்கலைக் கண்காட்சியை இயக்குநரா இருந்து நடத்தினாங்க, அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண் அவங்கதான்.

அதே 2010லதான் ஜப்பான்ல இனுஜிமாங்கிற தீவுல அவங்க வேலையும் தொடங்குச்சு. ஒரு காலத்துல தாமிரம் உருக்கின தீவு, 1919ல ஆலை நின்னுபோச்சு, இப்ப அங்க இருக்கிறது கொஞ்சம் பேர், பெரும்பாலும் வயசானவங்க. செஜிமா அங்க பெரிய மியூசியமா ஒண்ணும் எழுப்பல, பழைய வீட்டு மரத்தையே திரும்ப எடுத்தும், ஒளி ஊடுருவுற அக்ரிலிக் வச்சும் ஊருக்குள்ள அங்கங்க சின்னச்சின்னதா கலைக்கூடம் வச்சாங்க, ஒண்ணு பாத்துட்டு அடுத்ததுக்குப் போகணும்னா ஊர்ச் சந்துலதான் நடக்கணும், வீட்டு வாசல், காய்கறிப் பாத்தி எல்லாம் தாண்டித்தான் போகணும். பின்னாடி அங்க பாழாக் கெடந்த ஒரு கண்ணாடி கிரீன்ஹவுஸையும் எடுத்து தோட்டம் ஆக்கியிருக்காங்க.