அவர்கள் விஷயம் என்று விட்டுவிட முடியாது

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் இருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

மத நம்பிக்கை உள்ளவர்கள் செய்வதைப் பற்றி நம்பிக்கை இல்லாதவர்கள் அக்கறைப்பட வேண்டுமா, வேண்டாமா? இதுதான் இன்றைய தலைப்பு. வேண்டும் என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய நண்பர் கேள்விகளை அடுக்கிவிட்டு உட்கார்ந்தார். அவர் கும்பிடுவதால் உனக்கு என்ன நட்டம் என்றார். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வானேன் என்றார். அக்கறை என்று ஆரம்பித்தவர்கள் கடைசியில் வழிபாட்டுத் தலங்களைப் பூட்டியதுதானே வரலாறு என்றார். கைதட்டலும் வாங்கினார். நல்ல கேள்விகள்தான்.

ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். ஒருவர் விடியலில் எழுந்து தொழுவதும், விரதம் இருப்பதும், ஞாயிறு தவறாமல் ஜெபத்துக்குப் போவதும் அவருடைய உரிமை. அங்கே எனக்கு வேலை இல்லை. எங்கள் அணி பேசுவது, ஒருவருடைய நம்பிக்கை இன்னொருவர் உடம்பில் போய் இறங்குகிற இடத்தைப் பற்றி.

நைஜீரியாவின் வடக்கே கானோ என்று ஒரு மாநிலம். 2003-ஆம் ஆண்டு அங்கேயும் அக்கம்பக்கத்து மாநிலங்கள் சிலவற்றிலும் போலியோ சொட்டு மருந்து போடுவதை நிறுத்தினார்கள். நிறுத்தச் சொன்னவர்களில் மதத் தலைவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். மருந்தில் மலடாக்கும் பொருள் கலந்திருக்கிறது, முஸ்லிம்களின் எண்ணிக்கையைக் குறைக்க மேற்கு நாடுகள் போட்ட திட்டம் இது என்று பேச்சு பரவியது. அந்தப் பயம் வெறுமனே வந்ததில்லை. 1996-இல் அதே கானோவில் மூளைக்காய்ச்சல் பரவியபோது ஒரு பன்னாட்டு மருந்து நிறுவனம் குழந்தைகளுக்குப் புது மருந்து கொடுத்துச் சோதனை நடத்தியது. சோதனையில் இருந்த குழந்தைகளில் சிலர் இறந்தார்கள். பெற்றோரிடம் முறையாகச் சம்மதம் வாங்கவில்லை என்று வழக்கு நடந்தது. சூடுபட்ட ஊர் அது. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம்.

ஆனால் போலியோ வைரஸ் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். குடலில் பெருகி, மலத்தோடு வெளியேறி, தண்ணீர் வழியாகவும் கழுவாத கை வழியாகவும் அடுத்த குழந்தையின் வாய்க்குப் போகிறது. தொற்றியவர்களில் ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்குத்தான் கால் விளங்காமல் போகும். மற்றவர்களில் பெரும்பாலோருக்குத் தொற்றியதே தெரியாது. ஒரு பிள்ளை நடக்க முடியாமல் விழுகிறது என்றால், வைரஸ் அதற்குள் அந்த வட்டாரத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குள் புகுந்து வந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படித்தான் அது நைஜீரியாவை விட்டு நாடு நாடாகப் போனது. 2005-இல் இந்தோனேசியாவில் தலைகாட்டியது. பத்து ஆண்டுகளாகப் போலியோ இல்லாமல் இருந்த நாடு. அங்கே 300-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பாதித்த வைரஸின் மரபணுவை ஆராய்ந்தபோது அது நைஜீரியாவில் இருந்த வைரஸின் வழிவந்தது என்று தெரிந்தது.

என்ன நட்டம் என்று கேட்ட நண்பருக்கு இது பாதி பதில்தான். மீதிப் பாதி எனக்கு இன்னும் முக்கியம். கானோவில் முதலில் கால் போனது யாருக்கு? நம்பாதவர் வீட்டுப் பிள்ளைக்கு இல்லை. நம்புகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு. எட்டு மாதக் குழந்தைக்கு மதம் ஏது, சதி ஏது? அது எந்தத் தீர்மானத்திலும் கைதூக்கவில்லை.

எதிரணி நண்பர்கள் 'அவர்கள்', 'அவர்கள்' என்று ஏதோ ஒரே ஆளைப் பற்றிப் பேசுவதுபோல் பேசினார்கள். ஒரு மதத்துக்குள் உத்தரவு போடுகிறவர் இருக்கிறார், உத்தரவு இறங்குகிற முதுகும் இருக்கிறது. கேள்வி கேட்கத் துடிக்கிற பெண் இருக்கிறாள், அவள் வாயை அடைக்கிற உறவும் இருக்கிறது. அது அவர்கள் பாடு என்று நான் ஒதுங்கிக்கொண்டால் என்ன ஆகும்? யாருக்கும் சாதகமில்லாமல் நடுவில் நிற்பதாக நான் நினைத்துக்கொள்வேன். உண்மையில் உள்ளே யார் கை ஓங்கியிருக்கிறதோ அவர் பக்கம் போய் நின்றிருப்பேன். இதை மரியாதை என்று சொல்லாதீர்கள் ஐயா. கைவிடுவதற்கு மரியாதை என்று பெயர் வைக்கக் கூடாது.

இப்போது ஓணானுக்கு வருகிறேன். அது வேலியோடு போகிற வரைக்கும் யாரும் தேடிப் போகவில்லை. 1983-இல் அயர்லாந்தில் அது அரசியல் சட்டத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. வயிற்றில் இருக்கும் கருவின் உயிருக்கும் தாயின் உயிருக்கும் சம உரிமை என்று, கத்தோலிக்கத் திருச்சபையின் ஆதரவோடு ஒரு திருத்தம் நிறைவேறியது. 2012 அக்டோபரில், இந்தியாவிலிருந்து போய் அங்கே பல் மருத்துவராக இருந்த 31 வயதுப் பெண், 17 வாரக் கர்ப்பத்தில் கருச்சிதைவு தொடங்கி மருத்துவமனைக்குப் போனார். கரு பிழைக்காது என்று மருத்துவர்களே சொன்னார்கள். அப்படியானால் அகற்றிவிடுங்கள் என்று அவர் கேட்டார். கருவின் இதயம் துடிக்கிற வரை முடியாது என்றார்கள். இது கத்தோலிக்க நாடு என்று தாம் சொன்னதை மருத்துவச்சி ஒருவர் பின்னால் விசாரணையில் ஒப்புக்கொண்டார். ஒரு வாரத்துக்குள் கிருமி இரத்தத்தில் பரவி அந்தப் பெண் இறந்துபோனார். அவர் கத்தோலிக்கர் இல்லை, இந்து. வேலியோரம் எதையும் தேடிப் போனவரும் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். 2016 கணக்கெடுப்பில் 78 விழுக்காட்டினர் கத்தோலிக்கர் என்று பதிந்த அதே நாட்டில், 2018 மே மாத வாக்கெடுப்பில் 66.4 விழுக்காட்டினர் அந்தத் திருத்தத்தை நீக்க வாக்களித்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நம்பாதவர்கள் மட்டும் சேர்ந்து அந்த எண்ணிக்கை வராது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவர்களும் வாக்குச் சாவடியில் மாற்றிப் போட்டார்கள். வெளியே இருந்தவர்கள் பல ஆண்டுகளாகத் தெருவில் நின்று பேசியதால்தான் உள்ளே இருந்தவர்களுக்கும் பேசத் துணை கிடைத்தது என்று நான் நம்புகிறேன்.

நமக்குத் தெரிந்த உதாரணம் ஒன்று. 1969, 70 வாக்கில் பெரியார் கோயில் கருவறை நுழைவுப் போராட்டத்தை அறிவித்தார். அப்போது கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள்: சாமியே இல்லை என்கிறவருக்குக் கருவறையில் யார் நின்றால் என்ன? அவருக்கு உள்ளே இருந்த சிலை பொருட்டில்லை. பிறப்பைக் காட்டி ஒரு மனிதனை வாசற்படியில் நிறுத்துவது பொருட்டாக இருந்தது. 1970 டிசம்பரில் தமிழ்நாடு சட்டமன்றம் பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழித்துச் சட்டம் இயற்றியது. 1972-இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது, ஆனால் நியமனத்தில் ஆகமம் என்கிற கோயில் வழிபாட்டு விதிகளை மீறக் கூடாது என்று கட்டும் போட்டது. பல சாதியிலும் பிறந்து முறையாகப் பயிற்சி பெற்றவர்களுக்கு அரசு கூட்டாக நியமன ஆணை கொடுக்க 2021 ஆகஸ்ட் ஆனது. அந்த ஆணையைக் கையில் வாங்கியவர்கள் நாத்திகர்களா? மந்திரம் படித்த பக்தர்கள். ஒரு நாத்திகர் பட்ட அக்கறையின் பலன் பக்தர்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

கடைசிக் கேள்வி கடினமானது, மழுப்ப மாட்டேன். அல்பேனியா. 1967-இல் அங்கே ஆட்சியாளர்கள் 2,000-க்கும் மேற்பட்ட பள்ளிவாசல்களையும் தேவாலயங்களையும் மூடினார்கள். உலகின் முதல் நாத்திக நாடு என்று பெருமையும் பேசினார்கள். வீட்டுக்குள் ரகசியமாகக் கும்பிட்டவர்களையும் தண்டித்தார்கள். 1990 வரை அங்கே வெளிப்படையாகத் தொழ முடியவில்லை. அது கொடுமை. கடவுள் இல்லை என்பவன் செய்ததால் அதில் ஒரு துளியும் குறையாது.

ஆனால் நண்பரே, அந்தக் கொடுமைக்கு மருந்து அக்கறையின்மையா? அவர்கள் தொழுகை, அவர்கள் சிக்கல் என்று நம்பாத அல்பேனியர் வாயை மூடிக்கொண்டிருந்தது சரி என்பீர்களா? நம்புகிறவர் செய்வதைப் பற்றி நான் கவலைப்பட வேண்டும் என்பதில், அவர் நிம்மதியாகத் தொழ முடிகிறதா என்கிற கவலையும் அடங்கும். கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் என்கிற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகளை, தேசிய கீதம் பாடவில்லை என்று 1985-இல் பள்ளியை விட்டு அனுப்பினார்கள். பிள்ளைகள் கீதத்துக்கு எழுந்து மரியாதையாக நின்றார்கள். பாட மட்டும் மதம் இடம் தரவில்லை. 1986-இல் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. அந்தப் பிரிவின் நம்பிக்கையில் எனக்கு எள்ளளவும் உடன்பாடு இல்லை. ஆனாலும் அது எனக்கான தீர்ப்பும்தான். மனசாட்சிக்கு ஒவ்வாததை ஒரு பிள்ளையின் வாயில் திணிக்கலாம் என்றால், நாளை இறைவணக்கத்தில் சேராமல் நிற்கும் நாத்திகர் வீட்டுப் பிள்ளைக்கும் அதே கதிதான்.

எப்படி அக்கறைப்படுவது என்று கேட்டால், கானோவுக்கே திரும்பப் போகலாம். 2004-இல் அங்கே சொட்டு மருந்து மறுபடி தொடங்கியது. கேலி செய்து தொடங்கவில்லை. மருந்தைப் பரிசோதித்துக் காட்டினார்கள், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் இந்தோனேசியாவில் தயாரான மருந்தை வரவழைத்தார்கள். உத்தரப் பிரதேசத்திலும் இதே வதந்தி, இதே மறுப்பு இருந்தது. அங்கே சுகாதாரப் பணியாளர்கள் இமாம்களிடம் போய் உட்கார்ந்து பேசினார்கள். மருந்து போடச் சொல்லிப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலேயே அறிவிப்பு வந்தது. கதவைச் சாத்திய வீட்டுக்கு மறுபடியும் போனார்கள், அதற்கு மேலும் போனார்கள். 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கைப் போலியோ வைரஸால் ஒரு பிள்ளைக்கும் கால் போகவில்லை. 2014 மார்ச் 27-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ் வந்தது.

சாத்திய கதவைப் பார்த்து, இது அவர்கள் விஷயம் என்று அந்தப் பணியாளர்கள் திரும்பியிருந்தால் அந்தச் சான்றிதழ் வந்திருக்காது. எதிரணி அவர்களைத் திரும்பிப் போகச் சொல்கிறது. நாங்கள் மறுபடியும் கதவைத் தட்டச் சொல்கிறோம். தீர்ப்பு உங்கள் கையில், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.