ரிவெர்ப்பை முதலில் தேர்ந்தெடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். மெல்ல நகர்ந்து சூழலையே நிரப்பும் ஆம்பியன்ட் இசை செய்ய வருகிறவர்கள் பெரும்பாலும் கார்ட் (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) வரிசையை முழுதாக அமைத்துவிட்டு, கடைசியில் அழகுக்காக ரிவெர்ப், அதாவது எதிரொலித்து நீடிக்கும் முழக்கம், சேர்க்கிறார்கள். இந்த வரிசையை மாற்றிப் பாருங்கள் என்பேன். எவ்வளவு நீளமான ரிவெர்ப் வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எந்தக் கார்ட் அதற்குள் பொருந்தும் என்பது பிறகு தானே தெரியவரும்.

ஒலி நின்றபின் அதன் முழக்கம் 60 டெசிபல் குறைய எடுக்கும் நேரத்தைத்தான் ரிவெர்ப் நேரம் என்கிறோம். அதை 20 வினாடி என்று வையுங்கள். ஆம்பியன்டில் இது அதிகமில்லை. நான்கு வினாடிக்கு ஒருமுறை கார்ட் மாறுகிறது. இரண்டாவது கார்ட் ஒலித்து முடியும் நேரத்திலும் முதலாவதின் வால், அதாவது மிச்ச முழக்கம், 12 டெசிபல்தான் இறங்கியிருக்கும். நன்றாகவே காதில் விழும். நீங்கள் வாசித்தது இரண்டு கார்ட். கேட்பவருக்கோ இரண்டும் கலந்த மூன்றாவது ஒன்றும் கிடைக்கிறது. இந்த இசையின் நிறமே அந்த மூன்றாவதில்தான் இருக்கிறது.

சி மேஜரிலிருந்து ஈ மைனருக்குப் போங்கள். ஈ, ஜி இரண்டும் பொதுவான சுரங்கள். கலந்தால் சி மேஜர் செவன்த், கேட்க அவ்வளவு இதம். அதே சி மேஜரிலிருந்து டி ஃப்ளாட் மேஜருக்குப் போனால், ஒவ்வொரு சுரத்துக்கும் பக்கத்திலேயே அரைச் சுரம் தள்ளி இன்னொன்று வந்து நிற்கும். கரடுமுரடாக ஒலிக்கும். அந்த உரசல்தான் வேண்டும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் தெரிந்து செய்யுங்கள். ஜி செவன்த்திலிருந்து சி-க்கு வந்து முடிக்கும் வழக்கமான முடிப்பும் இங்கே முழுதாக முடியாது. பழைய எஃப் சுரம் போகாமல் நின்று புதிய ஈ-யோடு உரசிக்கொண்டிருக்கும்.

அப்புறம் பேஸ், அதாவது கீழ் ஒலிகள். ஸ்காட்லாந்தில் இஞ்சின்டவுன் என்ற இடத்தில், மலைக்குள் குடைந்த பழைய எண்ணெய்த் தொட்டி ஒன்று இருக்கிறது. ஒலியியல் பேராசிரியர் டிரெவர் காக்ஸ் அங்கே 125 ஹெர்ட்ஸில் 112 வினாடி ரிவெர்ப் நேரத்தை அளந்தார். மேல் அலைவரிசைகளைக் காற்றே உறிஞ்சிவிடுவதால் அவை சீக்கிரம் அடங்கிவிடுகின்றன. கீழே இருப்பவை நீடிக்கின்றன. கணினிக்குள் இருக்கும் ரிவெர்ப்பிலும் கீழ் ஒலிகளை அப்படியே விட்டால் எல்லாம் குழம்பிவிடும். ரிவெர்ப்புக்குப் போகும் ஒலியில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். பேஸ் நேரடியாகவே ஒலிக்கட்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஷிம்மர். வாலின் சுருதியை உயர்த்தி மறுபடி ரிவெர்ப்புக்குள்ளேயே அனுப்புவது. ஒரு ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) உயர்த்தினால் அதே சுரங்கள்தான் மேலே போய் மினுங்கும். ஐந்தாம் சுரத்துக்கு உயர்த்திப் பாருங்கள், கதையே வேறு. ஈ முதல் சுற்றில் பி ஆகும், இரண்டாம் சுற்றில் எஃப் ஷார்ப். சி மேஜர் ஸ்கேலிலேயே இல்லாத சுரம் அது. நீங்கள் தொடாமலே லிடியன் (நான்காம் சுரம் அரைச் சுரம் உயர்ந்த மேஜர் ஸ்கேல்) சாயல் வந்துவிடுகிறது!

இன்று உட்கார்ந்தால் ஒன்று செய்யுங்கள். நேரடி ஒலியை முழுதாக மூடிவிட்டு, வாலை மட்டும் கேளுங்கள். அதில் என்னென்ன சுரங்கள் நிற்கின்றன என்று கீபோர்டில் தேடிப் பிடியுங்கள். பிடித்திருந்தால் அந்தக் கலவையையே அடுத்த கார்டாக வாசியுங்கள்.