60 டிகிரி வெட்ஜ் வாங்கணுமா?

வணக்கம். இந்த வாரம் வந்த கோல்ஃப் கேள்விகள்ல ஒண்ணு ரெண்டு நாளா என்னை விடவே இல்லை. ஒரு நண்பர் கேட்டிருக்கார்: "சார், ரெண்டே ஷாட்ல கிரீன் (குழி இருக்கிற, புல்லை ஒட்ட வெட்டின இடம்) ஓரத்துக்கு வந்துடறேன். அங்கேருந்து குழியில போட நாலு ஷாட் ஆகுது. ஒண்ணு மண்ணைத் தோண்டறேன், இல்லைன்னா பந்து கிரீனைத் தாண்டி ஓடிடுது. 56 டிகிரி வெட்ஜ்தான் இருக்கு. 60 வாங்கினா சரியாகுமா?" வெட்ஜ்னா முகம் ரொம்பச் சாய்ஞ்ச, பந்தை உயரத் தூக்கற கிளப், அதாவது மட்டை. டிகிரி கூடினா சாய்வும் கூடும்.

கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலைங்கற வருத்தம் புரியுது. ஆனா வாங்காதீங்க, இப்போ வேண்டாம்.

தோண்டறது, பந்து சீறி ஓடறது, ரெண்டும் ஒரே தப்புலேருந்து வருது. பந்தைத் தூக்கணும்னு நினைக்கிறீங்க. நினைச்ச உடனே எடை பின்கால்ல போயிடுது, மணிக்கட்டு சொடுக்குது, கிளப் பந்துக்கு வர்றதுக்கு முன்னாடியே தரையைத் தொடுது. அங்கேயே மாட்டினா தோண்டல். பட்டு எகிறி, கீழ்விளிம்பு பந்தோட நடுவயித்துல அடிச்சா அந்தப் பக்கம் ஓடிடும். 60 டிகிரில அதே தூரம் போக இன்னும் வேகமா வீசணும். வேகம் கூடினா தப்பும் பெருசாகும்.

பழைய வீடியோக்களைப் பார்த்தவங்களுக்குத் தெரியும், நான் எப்பவும் சொல்றதுதான்: உருட்ட முடிஞ்சா உருட்டுங்க.

நான் கத்துக்கிட்ட காலத்துல ஒரு கேடி அண்ணன், அதாவது ஆடறவங்க பையைத் தூக்கிட்டு வர்றவர், இருந்தார். ஒரு நாள் சிப் (கிரீன் ஓரத்துலேருந்து அடிக்கிற சின்ன ஷாட்) சரியா வராம சலிச்சுப்போய் நின்னேன். என் வெட்ஜை வாங்கிப் பையில செருகிட்டு, ஒரு பந்தை உள்ளங்கையில வச்சார். "தம்பி, இதைக் குழியில நட்டிருக்கிற கொடிகிட்ட போடு"ன்னார். நான் யோசிக்கவே இல்லை. குனிஞ்சு, கையைத் தாழ்த்தி, கிரீன் தொடங்கற இடத்துல விழற மாதிரி உருட்டி விட்டேன். கொடிக்கு ரெண்டடி தள்ளி நின்னுச்சு. "கையால போடறப்ப தூக்கலையே, கிளப் எடுத்தா மட்டும் ஏன் தூக்கறே?"ன்னு கேட்டார். இன்னிக்கும் சிப் அடிக்கிறதுக்கு முன்னாடி அந்தக் கை வீச்சை ஒரு தடவை செஞ்சு பார்த்துக்கறேன்.

கோல்ஃப் வீரர் செவே பாயெஸ்டெரோஸ் பத்தி முன்னாடியே பேசியிருக்கேன், இருந்தாலும் திரும்பச் சொல்றேன். ஸ்பெயின்ல பெட்ரேன்யாங்கற கடலோர ஊர். சின்ன வயசுல ஒரு 3 அயர்னை (அயர்ன்னா இரும்புத் தலைக் கிளப், நம்பர் குறைஞ்சா சாய்வும் குறைவு) வச்சுக்கிட்டு கடற்கரை மணல்ல எல்லா ஷாட்டும் பழகினவர். 1976, இங்கிலாந்துல ராயல் பர்க்டேல் மைதானம், பிரிட்டிஷ் ஓப்பன் போட்டி, வயசு 19. கடைசி ஹோல்ல அவருக்கும் கொடிக்கும் நடுவுல பங்கர்கள், அதாவது மணல் குழிகள். தூக்கிப் போடுவார்னுதான் யாரும் நினைப்பாங்க. ரெண்டு பங்கருக்கு நடுவுல இருந்த ஒடுக்கமான புல்வழியா அவர் பந்தை ஓட விட்டார்! குழிக்குப் பக்கத்துல போய் நின்னுச்சு, ஒரே புட்ல, அதாவது கிரீன்ல உருட்டற ஒரே அடியில, முடிச்சார். ஜானி மில்லர் ஜெயிச்சார், செவே ஜாக் நிக்லஸோட சேர்ந்து ரெண்டாவது. தூக்கத் தெரியாதவரா அவர்? அவர் கையில இல்லாத ஷாட்டே கிடையாது. அப்படிப்பட்டவர் அந்த நேரத்துல உருட்டினார்னா, நினைச்சா எனக்கு இப்பவும் புல்லரிக்குது.

சரி, உங்க விஷயம். 8 அயர்ன் எடுங்க. எடை முன்கால்ல, மணிக்கட்டு அசையாம, புட் அடிக்கிற மாதிரியே ஆட்டுங்க. பழைய கணக்கு ஒண்ணு இருக்கு: 12-லேருந்து அயர்ன் நம்பரைக் கழிங்க. 8 அயர்ன்னா 4. ஒரு பங்கு காத்துல போகும், நாலு பங்கு தரையில உருளும். பிட்சிங் வெட்ஜை (9 அயர்னுக்கு அடுத்த கிளப்) 10-ன்னு வச்சுக்கிட்டா ரெண்டு பங்கு உருளும். மேடு பள்ளம் இல்லாத, நடுத்தர வேகக் கிரீனுக்கு இது ஓரளவு ஒத்துவரும்.

"எந்தக் கிளப்"னு கேட்டீங்க. "பந்து எங்க விழணும்"னு கேட்டிருந்தா எனக்கு இன்னும் சந்தோஷமா இருந்திருக்கும். பந்துலேருந்து கொடி 15 தப்படின்னு வைங்க. 8 அயர்னுக்கு மொத்தம் அஞ்சு பங்கு, அதுல ஒரு பங்கு 3 தப்படி. அந்த இடம் கிரீனுக்குள்ள இருக்கணும். அங்க ஒரு துண்டை நாலா மடிச்சுப் போடுங்க. கொடியை மறந்துட்டு துண்டை மட்டும் பாருங்க. 20 பந்து அடிங்க. நடுவுல பங்கர் குறுக்கிட்டு வழியே இல்லைன்னா உங்க 56 போதும், அதுக்குத் தனியா ஒரு நாள் பேசுவோம்.

20-ல எத்தனை துண்டு மேல விழுந்துச்சுன்னு அடுத்த வாரத்துக்குள்ள எழுதி அனுப்புங்க, அதைப் பார்த்துட்டு மேல சொல்றேன்.