தியானத்தால் சித்திகள் வந்தால் துக்கம் போய்விடுமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

இந்த முறை வந்த கேள்விகளில் இது கொஞ்சம் நீளமானது, சுருக்கிப் படிக்கிறேன். "சில வருடங்களாக மூச்சைக் கவனிக்கும் தியானம் செய்கிறேன். இப்போதெல்லாம் கண்ணை மூடினாலே வெளிச்சம் தெரிகிறது. எதிரில் இருப்பவர் என்ன சொல்லப் போகிறார் என்பது சில நேரம் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. அதே சமயம் காரணமில்லாத பயம், அழுகை, எதிலும் பிடிப்பில்லாத நிலை. சக்தி வந்தால் துக்கம் குறைய வேண்டாமா, ஏன் கூடுகிறது? இந்தச் சக்திகளை வளர்க்கலாமா? வெளியே சொல்லலாமா?"

சரி. முதலில் இந்தக் கேள்விக்கு அடியில் இருக்கும் ஓர் எண்ணத்தைப் பார்ப்போம். சக்தி ஏற ஏற துக்கம் இறங்கும் என்று நினைக்கிறீர்கள். பௌத்த நூல்கள் எங்கேயும் அப்படிச் சொல்லவில்லை. சித்திகள், அதாவது இயல்புக்கு மீறிய சக்திகள், உண்டு என்றே அவை சொல்கின்றன, அதை மறைக்க வேண்டியதில்லை. புத்தரின் நீண்ட பேருரைகளின் தொகுப்பான தீக நிகாயத்தின் இரண்டாவது சூத்திரமான சாமஞ்ஞபலத்தில், துறவினால் என்ன பலன் என்று அஜாதசத்து மன்னன் கேட்க, புத்தர் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறார். நான்காம் ஜானத்தில், அதாவது ஆழ்ந்த தியான நிலைகளில் நான்காவதில், மனம் நிலைத்த பிறகு ஒரு உடல் பலவாவது, சுவரை ஊடுருவிப் போவது, நீர்மேல் நடப்பது, தொலைவில் உள்ள ஒலியைக் கேட்பது, பிறர் மனதை அறிவது, முற்பிறவிகளை நினைவுகூர்வது, உயிர்கள் இறந்து பிறப்பதைக் காண்பது, இவை எல்லாம் வருகின்றன. ஆனால் பட்டியல் அங்கே முடிவதில்லை. கடைசியில் ஆசவங்கள், அதாவது மனதில் ஊறிக் கிடக்கும் அழுக்குகள், அற்றுப்போகும் அறிவு வருகிறது. துக்கத்தை முடிப்பது அந்தக் கடைசி ஒன்றுதான். மற்றவை எல்லாம் சமாதியின், அதாவது மன ஒருமையின், பலத்தால் வருபவை, சமாதி குலைந்தால் போய்விடுபவை.

அதே அஜாதசத்து இளவரசனாக இருந்தபோது அவனை வளைத்துப் போட்டது யார்? தேவதத்தன். பாம்புகளை அரைக்கச்சையாகக் கட்டிய சிறுவனாக உருவம் எடுத்து அவன் மடியில் தோன்றிக் காட்டினான், இளவரசன் மயங்கிவிட்டான். அப்புறம் சங்கத்துக்குத் தானே தலைவனாக வேண்டும் என்ற ஆசை தேவதத்தனுக்கு எழுந்தது, எழுந்த அந்தக் கணமே அவனுடைய சக்தி போய்விட்டது என்று துறவிகளின் ஒழுக்க நூலான விநய பிடகம் சொல்கிறது. சக்தி இருந்த நாளில் அவன் மனம் சுத்தமாக இருந்தது என்று யாராவது சொல்ல முடியுமா?

தேவதத்தன் கெட்டவன், அவனை விடுங்கள் என்பீர்கள். நல்லவர் ஒருவரின் கதை சொல்கிறேன், இதுதான் உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமானது. ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கையின் அனுராதபுரத்தில் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம் என்ற தியான நூலில் வருகிறது. மகாநாகர் என்று ஒரு தேரர், மூத்த பிக்கு. பெரிய படிப்பாளி, பெரிய தியானி, சித்திகளும் கைவந்தவர். சமாதியாலும் விபஸ்ஸனா என்னும் உள்நோக்குத் தியானத்தாலும் அவருடைய கிலேசங்கள், அதாவது மன மாசுகள், அமுங்கியே கிடந்ததால் கோபமோ ஆசையோ தலைகாட்டவில்லை, ஆகவே தாம் அரஹந்தர், அதாவது முழு விடுதலை பெற்றவர், என்றே 60 ஆண்டுகள் நம்பிக்கொண்டிருந்தார். பொய் சொல்லவில்லை, உண்மையாகவே நம்பினார். அவருடைய மாணவர் தம்மதின்னருக்கு விஷயம் புரிந்துவிட்டது, ஆனால் குருவிடம் நேராக எப்படிச் சொல்வது? போய் வணங்கி, தம்மச் சந்தேகங்கள் கேட்கிறார், எல்லாவற்றுக்கும் தடையில்லாமல் பதில் வருகிறது. பிறகு மெதுவாகக் கேட்கிறார், "ஒரு வெள்ளை யானையை உருவாக்க முடியுமா?" முடியும் என்று உருவாக்குகிறார். "அது காதை விரித்து, வாலை நீட்டி, துதிக்கையை வாயில் வைத்துப் பிளிறிக்கொண்டு உங்களை நோக்கியே ஓடி வரட்டும்." அப்படியே செய்கிறார். யானை பாய்ந்து வருகிறது. தான் செய்த யானை, தன் மனதிலிருந்து வந்த யானை, அதைப் பார்த்து எழுந்து ஓடப் பார்க்கிறார் தேரர்! மாணவர் அவருடைய சீவர (துறவாடை) நுனியைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார், "ஆசவங்கள் அற்றவருக்குப் பயம் உண்டா, சுவாமி?" அந்தக் கணத்தில் 60 வருட நம்பிக்கை உடைகிறது. தேரர் மாணவர் காலடியில் அமர்ந்து, எனக்கு உதவு என்று கேட்டு, அப்போது கிடைத்த உபதேசத்தை வைத்தே உண்மையில் அரஹந்தர் ஆகிறார்.

யானையை உண்டாக்கும் அளவுக்குச் சக்தி இருக்கிறது, பயமும் அப்படியே இருக்கிறது. ஏன் கூடுகிறது என்று கேட்டீர்களே, பல நேரம் அது கூடுவதே இல்லை, அங்கேயேதான் இருந்திருக்கிறது. மனம் அமைதியானதும் முன்பு சத்தத்தில் கேட்காமல் போனது இப்போது கேட்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. அதிகம் தெரிந்தால் அதிகம் வலிக்கும். மணிமேகலைக்குத் தெய்வம் கொடுத்த மந்திரங்கள் மூன்று, உருவம் மாற ஒன்று, வானில் செல்ல ஒன்று, பசி தாங்க ஒன்று. முற்பிறப்பும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. உதயகுமரனிடமிருந்து தப்பிக்கக் காயசண்டிகையின் உருவத்தை எடுத்தாள், மந்திரம் பிசகாமல் வேலை செய்தது, அதனாலேயே காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் சந்தேகப்பட்டு உதயகுமரனை வாளால் வெட்டிவிட்டான். போன பிறவியில் உதயகுமரன் தன் கணவன் இராகுலன் என்று அவளுக்குத் தெரியும், ஆகையால் அழுகை இரட்டிப்பானது. தெரியாதிருந்தால் அந்த அழுகையில் பாதி இருந்திருக்காது. கடைசியில் அவள் பிறவி அறுவதற்கு நோற்றதும் மந்திர பலத்தால் அல்ல, காஞ்சியில் அறவண அடிகளிடம் துக்கம் எப்படி ஒன்றைச் சார்ந்து ஒன்றாகப் பிறக்கிறது என்று காட்டும் பன்னிரு சார்பு வரிசையைக் கேட்ட பிறகுதான்.

இப்போது உங்கள் அனுபவத்துக்கு வருகிறேன். வெளிச்சம் மூச்சு தியானத்தில் மனம் ஒருமுகப்படும்போது பலருக்கும் வருவது. அதையே விபஸ்ஸனாவில் வரும் பத்து மாசுகளில் முதலாவதாக விசுத்திமக்கம் வைக்கிறது, ஏனென்றால் வெளிச்சம் வந்ததும் ஆஹா அடைந்துவிட்டேன் என்று ஆள் அங்கேயே உட்கார்ந்துவிடுவார். எதிரில் இருப்பவர் சொல்லப்போவது தெரிகிறது என்பதை நான் சித்தி என்று சொல்ல மாட்டேன். மனம் சற்று அடங்கினால் முகம், குரல், மூச்சு எல்லாம் கூர்மையாகத் தெரியும், அதிலிருந்து ஊகிப்பது சுலபம், தவறிப்போன ஊகங்களை நாம் எண்ணி வைப்பதும் இல்லை. பிறர் மனம் அறிவதற்கு நூல்கள் கேட்பது நான்காம் ஜானத்தில் முழுத் தேர்ச்சி. கசிணப் பயிற்சி (நிற வட்டு போன்ற ஒரு பொருளில் மனதை நிறுத்துவது) தொடங்கி ஒவ்வொரு படியிலும் நூறில் ஒருவர், ஆயிரத்தில் ஒருவர்தான் தேறுவார் என்று அதே நூல் கணக்குப் போடுகிறது.

பயமும் பிடிப்பின்மையும் வந்ததும், ஓ இது விபஸ்ஸனாவின் படிகளான பய ஞானம் (அச்சம் காணும் அறிவு), நிப்பிதா ஞானம் (சலிப்பு அறிவு) என்று பெயர் வைத்துக்கொள்ளும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. அந்தப் படிகள் உண்மைதான். எழுவதும் மறைவதும் தெரிந்து, பிறகு மறைவது மட்டுமே தெரிந்து, அப்புறம் எல்லாமே அச்சத்துக்குரியதாகத் தோன்றும் கட்டம் ஒன்று உண்டு. ஆனால் பலர் கவனிக்காத ஒரு வரி விசுத்திமக்கத்தில் இருக்கிறது. பய ஞானம் பயப்படுமா, பயப்படாதா என்று கேள்வி எழுப்பி, பயப்படாது என்று பதிலும் சொல்கிறார் புத்தகோசர். நெருப்புக் குழியைக் கண்டவன் விழுந்தால் பெரிய துன்பம் என்று தெரிந்துகொள்வான், அவன் நடுங்க வேண்டியதில்லை. ஆக, நீங்கள் சொல்லும் காரணமில்லாத அழுகையை அவசரப்பட்டு ஞானக் கணக்கில் சேர்க்காதீர்கள். 2017இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தியானம் செய்பவர்களையும் சொல்லித் தருபவர்களையும் பேட்டி கண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பயம், தூக்கமின்மை, ஒளியும் ஒலியும் தாங்க முடியாமல் போவது எல்லாம் அதில் பதிவாகியிருக்கின்றன. எனவே உட்காரும் நேரத்தைக் குறையுங்கள், கொஞ்ச நாள் நடை தியானமும் மெத்தா பாவனையும் (எல்லா உயிரிடமும் அன்பை வளர்க்கும் தியானம்) போதும். தூக்கம் கெட்டிருந்தால், அல்லது உயிரோடு இருந்து என்ன என்கிற மாதிரி எண்ணம் வந்தால், தியானத்தை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வளர்க்கலாமா? விடுதலைக்குத் தேவையில்லை. சுசீமர் என்பவர் சங்கத்தில் சேர்ந்து, அரஹந்தர் ஆனோம் என்று சொன்ன பிக்குகளிடம் போய், பறப்பீர்களா, பிறர் மனம் தெரியுமா, முற்பிறவி தெரியுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். எல்லாவற்றுக்கும் இல்லை என்கிறார்கள், பிரஞ்ஞையால், அதாவது மெய்யறிவால், விடுதலை பெற்றோம் என்கிறார்கள். இது சம்யுத்த நிகாயம் என்ற சூத்திரத் தொகுப்பில் இருக்கிறது. ரோகிதஸ்ஸரின் கதையும் அதே நிகாயத்தில்தான். பனை நிழலை அம்பு குறுக்கே கடக்கிற வேகத்தில் போகக்கூடிய முனிவர், உலகின் முடிவைக் காண 100 ஆண்டுகள் போய்க்கொண்டே இருந்து வழியிலேயே செத்துப்போனார். ஒரு பாகம் (விரித்த இரு கைகளின் அளவு) நீளமுள்ள இந்த உடலிலேயே உலகமும் அதன் முடிவும் இருக்கிறது என்று, பிறகு தேவனாகப் பிறந்து வந்த அவரிடம் புத்தர் சொன்னார். புத்தரின் சீடர்களில் சித்திகளில் முதல்வர் மொக்கல்லானர், அவரும் கொள்ளையர் கையில் அடிபட்டே இறந்தார். முதல் முறை சாவித் துவாரம் வழியாகத் தப்பினார், அடுத்த முறை கூரை வழியாக, பழைய வினை பழுத்தபோது தப்பவில்லை என்று தம்மபத உரை சொல்கிறது. உடம்பைக்கூடக் கடைசிவரை காப்பாற்றித் தராத ஒன்றுக்காக இருக்கிற நேரத்தைச் செலவழிக்க வேண்டுமா என்பது என் கேள்வி, முடிவு உங்களுடையது.

வெளியே சொல்வதைப் பற்றி. பிக்குவுக்கு விதி கடுமை. இல்லாத உயர்நிலையைத் தெரிந்தே இருப்பதாகச் சொன்னால் அவர் அதோடு பிக்கு இல்லை. உண்மையாகவே இருந்தாலும் உபசம்பதை (முழுத் துறவு தீட்சை) பெறாதவரிடம் சொன்னால் குற்றம். உங்களுக்கு அந்த விதி கிடையாது, ஆனால் சொன்னால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். நாளைக்கே ஒருவர் வந்து என் பையனுக்கு என்ன ஆகும் என்று கேட்பார், ஏதாவது சொல்லியாக வேண்டிய கட்டாயம் வரும், தெரியவில்லை என்று சொல்ல வாய் வராது, அங்கே பொய் ஆரம்பிக்கும். நேரில் பார்க்க முடிகிற ஆசிரியர் ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள். அவரிடமும் வெளிச்சத்தை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், வீட்டில் யாரிடம் எரிந்து விழுகிறீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள்.